யாழ்ப்பாணத்து டெங்குவுக்குத் தனிப் பருவம், தனித் தண்ணீர்

கொழும்பில் டெங்கு உச்சத்துக்குப் போவது ஆனி, ஆடியில். வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கினால் அடுத்த சில கிழமைகளில் வைத்தியசாலை வாட்டுகள் நிரம்பத் தொடங்கிவிடும். அதே ஆனி, ஆடியில் யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று அடிக்கும், புழுதி பறக்கும், குளங்கள் வற்றிக் கிடக்கும். இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். டெங்கு நோயாளர் கூடுவதும் கார்த்திகையிலிருந்து தை வரை. நாடு முழுவதும் டெங்கு பற்றிப் பேச்சு எழுவது கொழும்பு நிரம்பும்போது. யாழ்ப்பாணம் நிரம்பும் நேரம் வரும்போது அந்தப் பேச்சு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

2009க்குப் பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்கு எப்படி வேரூன்றியது, ஏன் ஒவ்வொரு மாரியிலும் திரும்பி வருகிறது, கொழும்பை மனதில் வைத்து வகுத்த வழிமுறை இங்கே ஏன் பாதி வேலைதான் செய்கிறது என்பதே இந்த ஆய்வு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தெற்கிலிருந்து வந்த நோய் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டுப்படுத்த முடியாது. வைரஸ் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கலாம், ஆனால் அது தங்குவதற்கு இடம் கொடுப்பது இந்த மண்ணின் தண்ணீர்.

நாட்டின் பின்னணி

இலங்கையில் டெங்கு ஆய்வுகூடத்தில் உறுதியானது 1962இல். 1965-66இல் முதல் பரவல் பதிவானது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் நோய் இருந்தது, ஆனால் குருதிப்பெருக்குக் காய்ச்சலாகப் பெரிய அளவில் தலைகாட்டவில்லை. 1989இல் அந்த நிலை மாறியது. 1996இல் டெங்கு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது.

டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கு எதிராகக் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களே நிற்கும். அதற்குப் பிறகு வேறொரு வகை தொற்றினால், முதல் தொற்றில் உருவான பிறபொருளெதிரிகளே நோயைக் கடுமையாக்கும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் ஒரு சமூகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வகை மாறும்போதெல்லாம் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது. 2009இல் 1ஆம் வகையின் புதிய கிளை ஒன்று பரவியபோது நாட்டில் நோயாளர் தொகை 35,000ஐத் தாண்டியது, 346 பேர் இறந்தார்கள். அடுத்த சில வருடங்கள் 1ஆம் வகையே மேலோங்கியிருந்தது. 2016 கடைசியிலிருந்து 2ஆம் வகை தலையெடுத்தது. அதை எதிர்கொள்ளாத உடம்புகள் நாடெங்கும் இருந்தன.

2017இல் நடந்தது நாடு மறக்காத ஒன்று. சித்திரையில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து விழுந்தது, கொழும்பில் குப்பை அகற்றுவது குழம்பியது, வைகாசியில் பெருவெள்ளம். ஜூலை 7ஆம் திகதிக்குள் 80,732 நோயாளர், 215 மரணங்கள் என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அது முந்தைய வருடங்களின் அதே காலப்பகுதிச் சராசரியைப்போல நாலு மடங்குக்கும் மேல். வருட முடிவில் எண்ணிக்கை 186,101. அந்த ஜூலைக் கணக்கில் மேல் மாகாணத்தின் பங்கு 43 சதவீதம் என்பதைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது மிச்சமுள்ள 57. டெங்கு மேல் மாகாணத்து நகரங்களின் நோயாக இருந்த காலம் முடிந்துபோனதை அந்த எண் காட்டுகிறது.

பாதை திறந்த பிறகு

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தவரைப் படுத்த காய்ச்சல் மலேரியா. டெங்கு அப்போதும் இருந்தது, ஆனால் தெற்கோடு போக்குவரத்து அறுந்து கிடந்த மண்ணில் அது பெரிதாகப் பற்றவில்லை. 1990இல் ரயில் நின்றது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009 மே மாதம் போர் முடிந்தது, பாதை திறந்தது, வருடக்கணக்காகப் பார்க்காத சொந்தங்களைப் பார்க்க ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள். நாட்டில் டெங்கு உச்சத்தில் இருந்த வருடமும் அதுவே. 2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலும் யாழ்ப்பாணம் தன் முதலாவது பெரிய டெங்குப் பரவலைக் கண்டது.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். வைரஸைக் கொழும்பிலிருந்து நானூறு கிலோமீற்றர் தூக்கி வருவது மனிதர். கடி வாங்கி நாலு தொடக்கம் பத்து நாளில் காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே இரத்தத்தில் வைரஸ் ஏறிவிடும். ஆகவே வெள்ளவத்தையில் கடி வாங்கியவர் இரவு பஸ்ஸில் சுகமாக வந்து இறங்கி, கோண்டாவிலில் காய்ச்சலோடு படுக்கலாம். அங்கே அவரைக் கடிக்கிற நுளம்பு, எட்டுப் பத்து நாள் கழித்து அயல்வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கும்.

மலேரியாவோடு பழகிய ஊருக்கு டெங்கு சிரமம் கொடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது, ஆகவே நுளம்பு வலையும் வீட்டுச் சுவரில் அடிக்கும் மருந்தும் அங்கே பலன் தந்தன. அந்த உழைப்பின் பலனாக 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. ஈடிஸ் பகலில் கடிப்பது. காலையில் பள்ளிக்கூட வாங்கின் கீழும் பின்னேரத்தில் தையல் மெசினின் கீழும் நின்று கணுக்காலைக் கடிக்கும். இரவு வலைக்குள் படுத்துவிட்டு ‘எங்கட வீட்டில் நுளம்பு இல்லை’ என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொல்கிறார்கள்.

கிணறு என்ற நிரந்தர இருப்பு

கொழும்பில் நுளம்பு பெருகும் இடங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: பீலி, ரயர், யோகட் கோப்பை, கட்டுமான வேலைத்தளம். யாழ்ப்பாணத்திலும் இவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் இவை மழைத் தண்ணீரை நம்பியவை. மாசியிலிருந்து புரட்டாதி வரை இவற்றில் ஒரு சொட்டு நிற்காது. அப்படியென்றால் அந்த எட்டு மாதமும் நுளம்பு எங்கே இருக்கிறது?

பாதி விடை முட்டையில் இருக்கிறது. ஈடிஸ் முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். கறுத்தப் பொட்டுப்போல இருக்கும் அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஐப்பசியில் முதல் மழைத் தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் பொரிக்கும், ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும். பூச்சாடித் தட்டைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மற்றப் பாதி கிணறு. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சுண்ணாம்புக்கல் குடாநாடு இது. நிலத்தடி நீர்தான் சீவியம். ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு, பக்கத்தில் சீமெந்துத் தொட்டி, மேலே நீர்த்தாங்கி. அள்ளிப் பாவிக்கும் கிணற்றில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருக்கும், பலர் மீனும் விட்டிருப்பார்கள், நுளம்புக்கு அங்கே பெரிய இடமில்லை. பாவனையில் இல்லாத கிணறு அப்படியல்ல. ஒருமுறை பூட்டிக் கிடந்த ஒரு வளவில் அயலவர் வேலியால் கூட்டிப்போய்க் காட்டினார். கட்டு உடைந்து, மேலே பூவரசு கவிந்து, உள்ளே இருட்டாக இருந்தது. ரோச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது. ஒரு சிரட்டையும் பிளாஸ்ரிக் போத்தலும் மிதந்தன. வாளி விட்டு அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றினோம். நுளம்பின் புழுப்பருவமான குடம்பிகள் வெளிச்சத்துக்குப் பயந்து அடிக்குப் போய், மூச்சுக்கு மறுபடி மேலே வந்தன. அது சரியான கோடை, மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. பிடித்தவை எல்லாம் ஈடிஸ்தானா என்று நிச்சயப்படுத்துவது பூச்சியியல் உத்தியோகத்தரின் வேலை, ஆனால் கோடை முழுவதும் தண்ணீர் குறையாத, யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று அங்கே இருந்தது.

இந்தக் கிணறுகளைப் பற்றிக் கவலைப்பட இன்னொரு காரணம் இருக்கிறது. இந்தியாவில் நகர மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு மன்னாரில் கிணறுகளில் பெருகுவது 2017இல் வெளிவந்தது. பின்பு அது யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது. ஒரே கிணறு இரண்டு நோய்க்கும் வழி திறக்கக்கூடும்.

உவர்நீரில் பிறக்கும் நுளம்பு

ஈடிஸ் நன்னீரில்தான் பெருகும் என்பது உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். கட்டுப்பாட்டு வேலை எல்லாம் அதை வைத்தே நடந்தது. அதை யாழ்ப்பாணத்து ஆய்வு ஒன்று உடைத்தது. ஆய்வாளர் ரஞ்சன் இராமசாமியும் யாழ். பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் அவர்களுடைய குழுவினரும் 2011இல் அதை வெளியிட்டார்கள். குருநகர்க் கரையோரத்தில் கைவிட்ட வள்ளங்கள், எறிந்த பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் தேங்கியிருந்த உவர்நீரில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் இஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் என்ற இரண்டு இனங்களின் குடம்பிகளையும் கண்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆயிரத்தில் 2 முதல் 15 பங்கு வரை உப்பு இருந்தது. கடல்நீரில் ஏறத்தாழ 35. அதாவது, வாயில் வைத்தால் துப்பவேண்டிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, வளர்ந்து, பறக்கிறது. யாழ். நகரில் அப்படியான இடங்களை அண்டிய பகுதிகளில் டெங்கு கூடுதலாக இருந்ததையும் அவர்கள் பதிந்தார்கள்.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் சிந்திக்க வைப்பவை. கரையோர உவர்நீரில் பெருகும் ஈடிஸ், உள்ளூர் நன்னீரில் பெருகுவதைவிட உப்பைக் கூடத் தாங்குகிறது. பழக்கப்பட்டு வருகிறது என்று நினைக்க இடமுண்டு. நன்னீர்ப் பாத்திரங்களையே குறிவைத்து நாங்கள் துப்புரவு செய்ததும் நுளம்பை உப்புப் பக்கம் தள்ளியிருக்குமோ என்று அந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. ஓர் உயிரினத்துக்கு ஒரு கதவை அடைத்தால் மற்றக் கதவைத் தள்ளிப் பார்க்கும். மற்றக் கதவு எது என்று முதலிலேயே தெரிந்திருப்பது எங்கள் பொறுப்பு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஈடிஸ் உவர்நீரில் பெருகுவதை முதலில் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று எங்கள் ஊர். ஆனால் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் ஒருவரிடம் கேட்டால் ‘உப்புத் தண்ணியில நுளம்பு வராது’ என்றுதான் இன்னமும் சொல்வார். வாடியடியில் கவிழ்க்காமல் கிடக்கும் பைபர் வள்ளம் டெங்குக் கணக்கில் சேரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பூட்டிய வீடுகளும் திருவிழா மாதமும்

கொழும்பில் பிரச்சினை நெரிசல் என்றால் யாழ்ப்பாணத்தில் பல இடங்களில் பிரச்சினை ஆளில்லாமை. வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். கேற்றில் பூட்டு, உள்ளே தொட்டி, கிணறு, மலசலகூடக் குழி, கழற்றிப் போட்ட சிங்க். நுளம்பு பெருக இடம் கொடுப்பவர் மீது வழக்குத் தொடர 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் வழக்குப் போட ஆள் ஊரில் இருக்கவேண்டுமே. அயலவருக்குத் திறப்பு இருக்கும், திறக்க மனம் வராது. ‘அவையள் வந்து என்ன சொல்லுவினமோ’ என்ற தயக்கம். அது நியாயமான தயக்கமும்கூட, காணிச் சண்டை கண்ட ஊர் இது.

அப்புறம் ஆடி, ஆவணி. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாள் திருவிழா. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்து குவியும். கொழும்பில் டெங்கு உச்சத்தைத் தொட்டு இறங்கும் நேரமும் அதுதான். திருவிழா டெங்கைக் கொண்டுவருகிறது என்று யாரும் இதை வாசிக்கவேண்டாம். கோடையில் வந்து சேரும் வைரஸ், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பிழைத்திருக்கும் கொஞ்ச நுளம்பில் தொற்றிச் சிறு சங்கிலியாக ஓடிக்கொண்டிருக்க, ஐப்பசி மழை நுளம்புத் தொகையைப் பெருக்கியதும் அந்தச் சங்கிலி வெடிக்கிறது என்பதே என் வாசிப்பு. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பிறகு இந்த வரத்து இன்னும் இலேசானது. 2019இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்தைத் தாண்டிய நோயாளரைக் கண்டபோதும், 2023 மார்கழியிலிருந்து 2024 தை வரையிலும், யாழ். மாவட்டம் நாட்டில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. இடையில் 2020இல் ஊரடங்கு, பள்ளிக்கூடங்கள் மூடல், பயணத் தடை. அந்த வருடம் நாட்டின் எண்ணிக்கை 31,000 அளவுக்கு விழுந்தது. ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகப் பயந்ததும் அதில் ஒரு பங்கு, ஆகவே அதைப் பயணத்தின் கணக்கில் மட்டும் எழுதமுடியாது.

எண்ணிக்கையை எப்படி வாசிப்பது

வாட்டில் டெங்கு என்று சந்தேகம் வந்ததும் நோயை அறிவிக்கும் எச் 544 படிவம் நிரப்பி, நோயாளியின் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போவார். படிவத்தில் இருப்பது வீட்டு விலாசம். மொரட்டுவையில் படிக்கும் பிள்ளை அங்கே கடி வாங்கி, ஊருக்கு வந்து யாழ். போதனா வைத்தியசாலையில் அனுமதியானால் அது யாழ்ப்பாணக் கணக்கு. பரிசோதகர் வந்து அந்த வீட்டுப் பூச்சாடியைப் பார்ப்பார், அதில் ஒன்றும் இருக்காது. மறுபக்கம், நல்லூரில் கடி வாங்கியவர் கொழும்புக்குத் திரும்பிப் படுத்தால் எங்களுக்குத் தகவலே வராது. கடந்த இரண்டு கிழமையில் எங்கே படுத்தெழும்பினார் என்ற ஒற்றைக் கேள்வியை வாட்டிலேயே கேட்டுப் பதிந்தால், வந்த தொற்று எது, உள்ளூர்த் தொற்று எது என்று பிரித்துப் பார்க்கலாம். ஆவணி, புரட்டாதியில் உள்ளூர்த் தொற்று ஒன்று அகப்பட்டால் அது கார்த்திகைக்கான முன்னறிவிப்பு.

வாட்டுக்குள் நடந்த மாற்றம்

மனம் நிறைந்து சொல்லக்கூடிய பகுதி இது. 2009இல் நூறு நோயாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் இறந்தார்கள். 2017இல் 186,101 பேரில் 440 மரணங்கள், அதாவது ஆயிரத்துக்கு இரண்டரையும் இல்லை. டெங்குக்கென்று மருந்து எதுவும் இடையில் வந்துவிடவில்லை. மணிக்கணக்கில் நோயாளியின் பக்கத்தில் நின்று, நாடி, குருதி அழுத்தம், சிறுநீர் அளவு, குருதியின் செறிவு எல்லாவற்றையும் அட்டவணையில் எழுதி, சேலைனை அளந்து விட்டதால் வந்த முன்னேற்றம். அதற்காக வைத்தியசாலைகளில் தனிப் பிரிவுகள் உருவாக்கினார்கள், தாதியர் பயிற்சி பெற்றார்கள்.

ஆனால் வீட்டில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று நாள் கொதிக்கும் காய்ச்சல், நாலாம் நாள் காலையில் விடும். ‘காய்ச்சல் விட்டிட்டுது’ என்று வீடு ஆறுதலடையும். குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குவது பலருக்கு அந்த நேரத்தில்தான். வயிற்று நோ, திரும்பத் திரும்பச் சத்தி, கைகால் குளிர்வது, சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சலைக் குறைக்க பரசிற்றமோல் மட்டும். டைக்ளோபெனாக், ஐபுப்ரூபன், அஸ்பிரின் மூன்றும் ஆகாது, வேலைக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் கடையில் வாங்கிப் போடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எந்த மாதம் எதைச் செய்வது

மாரி தொடங்கி நோயாளர் கூடிய பிறகு ‘புகை அடிச்சாச்சோ’ என்று கேட்பது ஊர் வழக்கம். புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும், கிணற்றுக்குள் இருக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த கிழமை புதிய நுளம்பு பறக்கும். நோயாளி வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் பயன் உண்டு, ஆனால் அதுவே வேலைத்திட்டம் ஆகாது.

யாழ்ப்பாணத்துக்கான வேலை ஆவணி, புரட்டாதியில் நடக்கவேண்டும். அப்போது வெளியே தண்ணீர் இல்லை, நுளம்பு கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் ஒடுங்கியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்து, இடமும் தெரிந்த காலம். மழைக்குப் பிறகு ஆயிரம் இடத்தில் தேடவேண்டியதை அப்போது சில இடத்தில் பிடிக்கலாம். பாவனையற்ற கிணற்றுக்கு மீன் விடுவது, வலை போட்டு மூடுவது, தேவையில்லாவிட்டால் தூர்ப்பது. தொட்டிச் சுவரைத் தேய்த்து முட்டையை அகற்றுவது. வெளிநாட்டில் இருப்பவர்கள் திருவிழாவுக்கு வந்து நிற்கும் மாதமும் அதுவே. பூட்டிய வீட்டைத் திறந்து பார்க்கவும், இல்லாத காலத்தில் யார் திறக்கலாம் என்று எழுதி வாங்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. கரையோரத்தில் மீனவர் சங்கங்களோடு பேசி, பழைய வள்ளங்களைக் கவிழ்ப்பதும் அகற்றுவதும் அதே மாதங்களில் முடியவேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அவசரமாகத் தொடங்கவேண்டியது. சுண்ணாம்புக்கல்லின் கீழ் நன்னீர் மெல்லிய படையாகக் கடல்நீரின் மேல் நிற்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். கிணறு உவர்த்ததும் வீட்டுக்காரர் அதைக் கைவிட்டுக் குழாய்த் தண்ணீருக்கோ பவுசருக்கோ மாறுகிறார். அன்றிலிருந்து அது யாரும் அள்ளாத, மீன் விடாத, உப்புக் கரிக்கும் கிணறு, குருநகரில் குடம்பி கண்ட அதே வகைத் தண்ணீர். ஆகவே ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் வைத்திருக்கவேண்டிய கிணற்றுப் பதிவேட்டில் மூன்று நிரல் போதும்: பாவனையில் உண்டா, உப்பு எவ்வளவு, குடம்பி உண்டா. உப்பளவு பார்க்கும் கைக்கருவி விலை கூடியதல்ல. அச்சுவேலியிலிருந்து ஊர்காவற்றுறை வரை இந்தப் பதிவை வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி பிறக்குமுன் எடுத்து முடித்தால், மழைக்கு முன்பே எந்தக் குறிச்சிக்கு முதலில் போகவேண்டும் என்று பரிசோதகருக்குத் தெரியும்.